கொடுக்கிற கை மறைவில்! வாங்குகிற கணக்கு வெளிச்சத்தில்!

(செல்போன் பணமும் சிறு விவசாயியும் – கிளைக் கூட்டங்களில் சங்கத்தின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)





தண்ணீர் வரவில்லை, உரம் கிடைக்கவில்லை, நெல்லுக்கு விலை இல்லை என்று பேசுகிற மேடையில் இன்றைக்குச் செல்போனைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "என்னய்யா இது, கொள்முதல் நிலையத்துல மூட்டை நனையுது, இவங்க போனைப் பத்திப் பேசுறாங்களே" என்று சிலர் நினைக்கலாம். நினைப்பதில் தப்பில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நெல் போட்ட பணம் எங்கே வருகிறது? வங்கிக் கணக்கில். கிசான் பணம் எங்கே வருகிறது? வங்கிக் கணக்கில். உரக்கடையில், டீக்கடையில், மருந்துக்கடையில் எதைக் காட்டுகிறார்கள்? சதுரமாக ஒரு கட்டம் போட்ட அட்டையை. நம் வியர்வை எல்லாம் காசாகி அந்தக் கட்டத்துக்குள்தான் போகிறது, அதற்குள்ளிருந்துதான் வருகிறது. அப்படியானால் அதற்குள் என்ன நடக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டா இல்லையா?

அதைத்தான் கேட்கிறோம்.

நாங்கள் எதிரி இல்லை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். செல்போனில் பணம் அனுப்புவதே தப்பு என்று சங்கம் சொல்லவில்லை. திருப்பூரில் வேலை செய்கிற பையன் அப்பனுக்கு ஆயிரம் ரூபாய் அனுப்ப மணியார்டர் போட்டு ஒரு வாரம் காத்திருந்த காலம் நமக்குத் தெரியும். இப்போது ஒரு நிமிடத்தில் வருகிறது. அனுப்புகூலி இல்லை. டிராக்டர் ஓட்டியவருக்கு வயலிலேயே நின்று கணக்குத் தீர்க்க முடிகிறது. நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும்.

யூபிஐ என்கிற இந்த முறை 2016 ஏப்ரலில் வந்தது. நடத்துவது தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம். ரிசர்வ் வங்கியும் வங்கிகளின் சங்கமும் சேர்ந்து 2008-ல் ஆரம்பித்த, லாப நோக்கமில்லாத கம்பெனி அது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகள் இதன் வழியாக நடந்தன. உலகத்தில் வேறு எங்கும் இவ்வளவு பெரிய ஏற்பாடு இல்லை என்று பெருமை பேசுகிறார்கள். பேசட்டும்.

ஆனால் இந்தப் பழக்கம் நமக்கு எப்படி வந்தது என்பதை மறக்கக் கூடாது. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் ஒரே ராத்திரியில் காகிதமானது. நவம்பர் 14 அன்று மாவட்டக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டை வாங்கவே கூடாது என்று உத்தரவு வந்தது. நாற்று விட்டவனுக்கும் நடவு முடித்தவனுக்கும் தெரிந்த ஒரே வங்கி அதுதானே! அன்றைக்குத்தான் நம்மில் பலர் முதன்முதலாக வரிசையில் நின்று மயங்கி விழுந்தோம். விரும்பி ஏறிய வண்டி இல்லை இது. பிடித்துத் தள்ளி ஏற்றிய வண்டி. ஏறிவிட்டோம்; சரி. வண்டியை ஓட்டுகிறவன் யார், எங்கே கொண்டு போகிறான் என்றாவது சொல்ல வேண்டாமா?

ஐந்நூறு ரூபாய் போகிற வழி

உரக்கடையில் 500 ரூபாய்த் தாளைக் கொடுத்தால் விஷயம் இரண்டு பேருக்குத் தெரியும். நமக்கு, கடைக்காரருக்கு. அவ்வளவுதான்.

அதே 500 ரூபாயைப் போனில் கொடுத்தால்? ஆப் வைத்திருக்கிற கம்பெனிக்குத் தெரியும். அந்தக் கம்பெனிக்குத் துணை நிற்கிற வங்கிக்குத் தெரியும். நடுவில் இருக்கிற கழகத்தின் சர்வருக்குத் தெரியும். நம் வங்கிக்குத் தெரியும். கடைக்காரர் வங்கிக்குத் தெரியும். என்ன சாமான் வாங்கினோம் என்ற பட்டியல் அதில் இல்லைதான். ஆனால் யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த வகைக் கடை – எல்லாம் பதிவாகிறது. ஒரு நாள் பதிவு ஒன்றும் சொல்லாது. மூன்று வருஷப் பதிவை வரிசையாக அடுக்கினால் நம் குடும்பக் கதையே அதில் இருக்கும். எந்த மாதம் கை வறண்டது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம், எந்த அடகுக்கடைக்கு வட்டி கட்டினோம், சாயங்காலம் எந்தக் கடைக்குப் போனோம் – எல்லாம்!

நடுமையம் நம் நாட்டுக் கழகம்தான். ஆனால் நாம் கையில் வைத்திருக்கிற ஆப் யாருடையது? இரண்டே இரண்டு கம்பெனிகளின் ஆப் வழியாகத்தான் யூபிஐ பரிவர்த்தனையில் சுமார் ஐந்தில் நாலு பங்கு நடக்கிறது. ஒன்று போன்பே, அதன் பெரும்பங்கு அமெரிக்க வால்மார்ட்டுடையது. இன்னொன்று கூகுள். ஒரு கம்பெனி 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2020 நவம்பரில் விதி போட்டார்கள். அமல்படுத்த 2022 கடைசி வரை அவகாசம் கொடுத்தார்கள். பிறகு 2024 கடைசி என்றார்கள். பிறகு 2026 கடைசி என்றார்கள். நாம் கூட்டுறவுக் கடனுக்கு ஒரு மாதம் அவகாசம் கேட்டால் ஜப்தி நோட்டீஸ்! அவர்களுக்கு நாலு வருஷ அவகாசம்!

பணப் பரிவர்த்தனை விவரங்களை இந்தியாவுக்குள்தான் வைக்க வேண்டும் என்று 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. வரவேற்கிறோம். ஆனால் பெட்டி எந்த ஊரில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. பெட்டியைத் திறந்து யார் யார் பார்க்கிறார்கள் என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்குப் பதில் வரவில்லை.

"ஒளிக்க ஒண்ணுமில்லேன்னா பயம் எதுக்கு?"

இப்படித்தான் கேட்கிறார்கள். படித்த பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள். பதில் சொல்கிறோம்.

பக்கத்து மாநிலம் கர்நாடகத்தில் 2025 ஜூலையில் என்ன நடந்தது? யூபிஐ வரவைப் பார்த்துச் சின்னக் கடைக்காரர்கள், பேக்கரிக்காரர்கள், பால்கடைக்காரர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்களுக்கு வணிகவரித் துறை ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிக்கு நாலு வருஷத்தில் 1 கோடியே 63 லட்சம் வரவு வந்தது என்று சொல்லி 29 லட்சம் கட்டச் சொன்னார்கள். காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது! அந்த மனிதர் நம்மைப் போன்ற விவசாயிகளிடம் வாங்கி விற்கிறவர். கணினிக்கு வரவுத் தொகை தெரிந்தது. விற்றது கத்தரிக்காய் என்று தெரியவில்லை. பெங்களூரு கடைகளில் "யூபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்" என்று அட்டை தொங்கியது. கடைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து குரல் கொடுத்த பிறகுதான் அரசாங்கம் இறங்கி வந்தது. அவர்கள் என்ன ஒளித்தார்கள்? ஒன்றும் ஒளிக்கவில்லை. பாதி விவரத்தை வைத்து முழுத் தீர்ப்பு எழுதினால் இப்படித்தான் ஆகும்.

இன்னொன்று. நம் போராட்ட நிதிக்கு ஒருவர் 100 ரூபாய் போனில் அனுப்புகிறார் என்று வையுங்கள். யார் யார் நம் பக்கம் என்ற பட்டியலை யாரும் எழுத வேண்டியதில்லை. அது தானாகவே உருவாகிவிடுகிறது. கனடாவில் 2022 பிப்ரவரியில் லாரிக்காரர்கள் தலைநகரை மறித்தார்கள். அவர்கள் கோரிக்கையோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அரசாங்கம் நெருக்கடிச் சட்டத்தைக் கொண்டு வந்து, கோர்ட் உத்தரவே இல்லாமல் போராடியவர்களின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. அப்படிச் செய்தது நியாயமல்ல என்று 2024 ஜனவரியில் அந்த நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வர இரண்டு வருஷம்; கணக்கை முடக்க இரண்டு நிமிஷம். இன்றைக்கு அவர்கள் என்றால் நாளைக்கு யார்?

அந்தரங்கம் பணக்காரன் கேட்கிற சொகுசு இல்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் அது அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். ஏர் பிடிக்கிறவனுக்கும் அந்தத் தீர்ப்பு பொருந்தும்.

ரேகை தேய்ந்த கை

அந்தரங்கம் போகிற இடம் டில்லியும் அமெரிக்காவும் மட்டும் இல்லை. நம் வீட்டுத் திண்ணையிலும் போகிறது.

எங்கள் பகுதியில் ஓர் அப்பாயி. எழுபது வயது. கதிர் அறுத்து, களை பறித்து விரல் ரேகையே தேய்ந்துவிட்டது. உதவித்தொகை எடுக்கக் கைரேகை வைக்கிற மிஷினுக்குப் போனார். முதல் தடவை வைத்தார், "விழலை பாட்டி, இன்னொரு தடவை வை" என்றார் மிஷின் வைத்திருந்தவர். இரண்டாம் தடவை வைத்தார். "சர்வர் இல்லை, நாளைக்கு வா." மறுநாள் வங்கியில் போய்க் கேட்டால் இரண்டு தடவையும் பணம் எடுத்தாகிவிட்டது. ரசீது உண்டா? இல்லை. சாட்சி உண்டா? கைரேகைதான் சாட்சி! திருடினதற்கு நம் விரலே சாட்சி சொல்கிற அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? சங்கத் தோழர்கள் கூடப் போய் எழுதிக் கொடுத்து, நாலு தடவை அலைந்த பிறகுதான் பணம் திரும்பியது. கேட்க ஆள் இல்லாத அப்பாயிகள் எத்தனை பேர்?

வட மாநிலங்களிலும் ஆந்திரத்திலும் இதைவிட மோசம். பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகையை நகலெடுத்து, ரப்பர் விரல் செய்து பணம் எடுத்த கும்பல்களைப் போலீஸ் பிடித்தது. பின் நம்பர் திருடு போனால் மாற்றலாம். விரல் திருடு போனால் புது விரலா முளைக்கும்?

நம் மாநிலத்தில் 2020-ல் நடந்த கிசான் மோசடி நினைவிருக்கிறதா? அதிகாரிகளின் கடவுச்சொல் வெளியாட்கள் கைக்குப் போய், தகுதி இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். சுமார் 110 கோடி ரூபாய் போனது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் சிபிசிஐடி வந்தது. உண்மையான விவசாயி பட்டா, சிட்டா, ஆதார் என்று ஆறு காகிதம் காட்டினான். திருடனுக்கு ஒரு கடவுச்சொல் போதுமாக இருந்தது.

இன்னும் வரப்போவது

2022-ல் கிசான் கடன் அட்டையைக் கணினி மயமாக்கும் சோதனையை ரிசர்வ் வங்கி தொடங்கியது. முதலில் எடுத்த இரண்டு மாநிலங்களில் ஒன்று நம் தமிழ்நாடு. 2024-ல் அதற்கு ஒருங்கிணைந்த கடன் தளம் என்று பெயர் சூட்டினார்கள். நில ஆவணம், பால் சொசைட்டியில் ஊற்றின கணக்கு எல்லாம் ஒரே வழியில் கடன் கொடுப்பவர் மேஜைக்குப் போகும். 2025-ல் நமக்குத் தனி அடையாள எண் கொடுத்து நிலத்தோடு இணைத்தார்கள். நல்லதும் உண்டு: பத்து தடவை அலையாமல் கடன் கிடைக்கலாம். ஆனால் நம் விளைச்சல், கடன், செலவு எல்லாம் தெரிந்த வியாபாரி எப்போது விலை கேட்பான்? தவணை கட்டுகிற நாளுக்கு முந்தின நாள் கேட்பான். அவன் கணக்கு நமக்குத் தெரியுமா? தெரியாது. சீட்டாட்டத்தில் நம் கையை அவன் பார்க்கலாம், அவன் கையை நாம் பார்க்கக் கூடாது என்றால் அது ஆட்டமா, கொள்ளையா?

ரிசர்வ் வங்கியின் இ-ரூபாய் 2022 டிசம்பர் 1 முதல் பொதுமக்களிடம் சோதனையில் இருக்கிறது. குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும் செலவாகும்படி பணத்துக்கே நிபந்தனை போடும் வசதியைச் சேர்க்கப் போவதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். மானியம் தவறான கைக்குப் போகாது என்கிறார்கள். சரி. ஆனால் இந்தக் கடையில்தான், இந்தக் கம்பெனி உரம்தான், இந்தத் தேதிக்குள்தான் என்று நாளைக்கு நிபந்தனை வந்தால்? யூரியா கேட்டால் கூடவே வேண்டாத டப்பாவையும் தலையில் கட்டுகிறார்களே, அதைப் பணத்துக்குள்ளேயே வைத்துக் கட்டினால் என்ன செய்வோம்? அந்த நிபந்தனையை எழுதுகிறவர் யார் என்பது நமக்கு உயிர்ப் பிரச்சினை.

தராசைத் திருப்பிக் காட்டு!

அப்படியானால் வழி என்ன? இங்கேதான் திறந்த மூல மென்பொருள் என்கிற விஷயம் வருகிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

மூட்டையை எடை போடுகிற தராசைப் பாருங்கள். முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். சந்தேகம் வந்தால் திருப்பிப் பார்க்கிறோம், படிக்கல்லை மாற்றிப் போடச் சொல்கிறோம். "தராசைத் தொடாதே, நான் சொல்வதுதான் எடை" என்று ஒருவன் சொன்னால் சும்மா விடுவோமா? கணினிக்குள் ஓடுகிற கட்டளைகளை எழுதி வைத்த ஏடுதான் மூலநிரல். அதைப் பூட்டி வைத்தால் மூடின தராசு. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், தப்பைக் காட்டலாம், திருத்திப் பயன்படுத்தலாம் என்றால் திறந்த தராசு. நமக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். ஊரில் படித்த பிள்ளைக்குத் தெரியும். கல்லூரி ஆசிரியருக்குத் தெரியும். நாலு பேர் பார்க்க முடியும் என்பதே திருடனுக்குப் பயம்.

விதையும் அப்படித்தான். நம் வீட்டு விதையை எடுத்து வைக்கலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். கம்பெனி வீரிய விதையை வருஷா வருஷம் போய் வாங்க வேண்டும். மென்பொருளிலும் இந்த இரண்டு ஜாதி உண்டு.

யூபிஐ எந்த ஜாதி? வங்கிகளும் ஆப் கம்பெனிகளும் வந்து இணைவதற்கு வாசல் திறந்திருக்கிறது. ஆனால் உள்ளே ஓடுகிற மூலநிரல் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடப்படவில்லை. வாசல் திறந்திருப்பது வேறு, வீட்டுக்குள் விடுவது வேறு.

முடியாத காரியமா? இல்லவே இல்லை. அரசு அலுவலகங்கள் திறந்த மூல மென்பொருளுக்கே முன்னுரிமை தர வேண்டும் என்று 2015-ல் மத்திய அரசே கொள்கை வெளியிட்டது. சென்னையில் இருக்கிற சி-டாக் நிறுவனம் பாஸ் லினக்ஸ் என்று ஒன்றை உருவாக்கியது. கொரோனா காலத்தில் ஆரோக்ய சேது ஆப்பைத் திறந்து காட்டு என்று நாடு முழுக்கக் குரல் எழுந்தது. 2020 மே 26 அன்று ஆண்ட்ராய்டு ஆப்பின் நிரலை வெளியிட்டார்கள். கேட்டால் திறக்கும் தோழர்களே! கேட்காவிட்டால் திறக்காது.

திறந்தால் மட்டும் போதுமா?

போதாது. இதை மறைத்துப் பேச மாட்டோம்.

பிட்காயின் என்று ஒன்று இருக்கிறது. அதன் நிரல் முழுக்கத் திறந்ததுதான். ஆனால் கொடுக்கல் வாங்கல் எல்லாம் ஊர்ச் சுவரில் எழுதின மாதிரி, உலகமே பார்க்கலாம். பெயருக்குப் பதில் எண் இருக்கும். எண் யாருடையது என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் பழைய கணக்கெல்லாம் அம்பலம். விலையோ காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. எல் சால்வடார் நாடு 2021 செப்டம்பரில் அதைச் சட்டப்படியான பணமாக்கியது. கடைக்காரர்கள் கட்டாயம் வாங்க வேண்டும் என்ற விதியை 2025 ஜனவரியில் கைவிட்டது. நம் நாட்டில் அதன் லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி. சூதாடுகிறவனுக்கு அது ஆகலாம். குறுவைக்கு உழவு ஓட்டுகிறவனுக்கு ஆகாது. போன் மெசேஜில் "இரட்டிப்பு லாபம்" என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

வேறு ஒரு வழி இருக்கிறது. நம் சங்க உண்டியலைப் பாருங்கள். யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாது. ஆனால் உண்டியலை உடைத்து எண்ணும்போது எல்லார் முன்னாலும் எண்ணுகிறோம், வரவு எவ்வளவு என்று மைக்கில் சொல்கிறோம். கொடுக்கிற கை மறைவில். வாங்குகிற கணக்கு வெளிச்சத்தில். இதே நியாயத்தைக் கணக்குப் பாடமாக்கினார் டேவிட் சாம் என்கிற அமெரிக்க அறிஞர், 1982-ல். வங்கி முத்திரை குத்திக் கொடுக்கும். ஆனால் எந்தச் சீட்டு யார் கைக்குப் போனது என்று வங்கிக்கே தெரியாது. சீட்டு திரும்பி வரும்போது முத்திரை தன்னுடையதுதான், ஏற்கெனவே செலவானது இல்லை என்று மட்டும் சரிபார்க்கும். 1989-ல் இதற்காக அவர் ஆரம்பித்த கம்பெனி 1998-ல் நொடித்துப் போனது. காரணங்களில் ஒன்று, பெரிய வங்கிகளும் கடைகளும் பெரிதாக அக்கறை காட்டவில்லை.

அந்த யோசனையை எடுத்து, திறந்த நிரலாக எழுதியிருக்கிறார்கள். அதற்கு ஜிஎன்யூ டேலர் என்று பெயர். கொடுப்பவர் யார் என்று தெரியாது. வாங்கும் வியாபாரியின் வரவு மறைக்க முடியாது. வரி ஏய்க்க முடியாது. அது தனி நாணயம் இல்லை. அந்தந்த நாட்டுப் பணம்தான், சூதாட்டம் கிடையாது. 2025-ல் சுவிட்சர்லாந்தில் அந்நாட்டுப் பிராங்க் பணத்திலேயே நடைமுறைக்கு வந்தது.

குறையும் சொல்கிறோம். இந்தியாவில் எந்த வங்கியும் அதைத் தரவில்லை. ஸ்மார்ட்போனோ கணினியோ வேண்டும். பணம் போனுக்குள் ரொக்கம் மாதிரி இருக்கும். பிரதி எடுத்து வைக்காமல் போன் கிணற்றில் விழுந்தால் பணமும் கிணற்றில்தான். ஆகவே நாளைக்கே அதைக் கொண்டுவா என்று கேட்கவில்லை. இப்படிச் செய்ய முடியும் என்பதற்குச் சாட்சி அது. "அந்தரங்கத்தைக் காப்பாத்துனா கள்ளப்பணம் பெருகும்" என்று சொல்லும் வாயை அடைக்கிற சாட்சி!

வயலில் வேலை செய்யுமா?

நம் கேள்வி எப்போதும் இதுதான். சிக்னல் இல்லாத இடத்தில் வேலை செய்யுமா? பட்டன் போனில் வேலை செய்யுமா? எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு ஆகுமா?

கென்யா நாட்டில் மொம்பாசா நகரத்துக் குடிசைப் பகுதி ஒன்றில் 2013-ல் மக்களே சீட்டு அச்சடித்துத் தங்களுக்குள் கொடுத்து வாங்கினார்கள். கையில் ஷில்லிங் இல்லாத நாளிலும் காய்கறியும் தையலும் நடந்தது. கள்ளநோட்டு என்று சொல்லி ஏற்பாட்டாளர்களைப் பிடித்தார்கள். பிறகு வழக்கைக் கைவிட்டார்கள். பின்னாளில் அது சராஃபு என்ற பெயரில் திறந்த நிரலோடு பட்டன் போனுக்கு வந்தது. ஏழைக்கு ஏற்றபடி செய்ய வேண்டும் என்று நினைத்தால் செய்ய முடிகிறது.

நம் நாட்டிலும் பட்டன் போனுக்கு 2022 மார்ச்சில் யூபிஐ 123 பே என்று கொண்டு வந்தார்கள். எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டீர்கள்? விளம்பரம் எல்லாம் கம்பெனி ஆப்புக்கு. 2025 மார்ச் 26, ஏப்ரல் 12 ஆகிய நாட்களில் நாடு முழுக்க யூபிஐ படுத்துக்கொண்டது. கையில் ரொக்கம் இருந்தவன் டீசல் போட்டான். இல்லாதவன் பங்கில் நின்றான். அதனால்தான் சொல்கிறோம்: எவ்வளவு நல்ல ஆப் வந்தாலும் ரொக்கம் சாகக் கூடாது.

இன்றைக்கே நாம் செய்ய வேண்டியது

பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் போடவே தேவையில்லை. போடச் சொன்னால் அவன் திருடன். கிசான் பணம், பயிர்க்காப்பீடு என்று வாட்ஸப்பில் வரும் ஆப்பை இறக்காதீர்கள். ஆதார் கைரேகையைப் பூட்டி வைக்க வசதி இருக்கிறது. படித்த பிள்ளையிடம் சொல்லி ஆதார் செயலியில் பூட்டுங்கள். ரேஷனுக்குக் கைரேகை வைக்கும்போது திறக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். மிஷினில் விரல் வைத்தால் "விழலை" என்றாலும் சீட்டு கேளுங்கள்.

பணம் போனால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். வங்கிக்கு மூன்று வேலை நாளுக்குள் எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். நம் தப்பும் வங்கித் தப்பும் இல்லாமல் வெளியாள் எடுத்திருந்தால், மூன்று நாளுக்குள் சொன்னவருக்கு நட்டம் கிடையாது என்று 2017 ஜூலையிலேயே ரிசர்வ் வங்கி விதி போட்டது. "நாளைக்குப் போகலாம்" என்று இருந்தால் உரிமை போய்விடும். தனியாகப் போகாதீர்கள். சங்கத்தைக் கூப்பிடுங்கள்.

நம் கோரிக்கைகள்

1. எந்தக் கடையும், அலுவலகமும், கூட்டுறவுச் சங்கமும் ரொக்கத்தை வாங்க மாட்டோம் என்று சொல்லக் கூடாது என்று சட்டம் போடு!

2. 63 ஆயிரம் தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினி மயமாக்க 2022-ல் 2,516 கோடி ரூபாய் ஒதுக்கினாயே, அது மக்கள் பணம். அந்த மென்பொருளின் மூலநிரலை மக்கள் முன் வை!

3. யூபிஐ நடுமையத்தின் நிரலை வெளியார் தணிக்கைக்குத் திறந்து விடு! தணிக்கை அறிக்கையைத் தமிழிலும் வெளியிடு!

4. கூட்டுறவு வங்கிகளுக்கு விளம்பரம் இல்லாத, திறந்த மூல நிரலில் அமைந்த, தமிழில் பேசுகிற ஆப் கொடு! பட்டன் போனுக்கும் கொடு!

5. சிறு தொகைப் பரிவர்த்தனையில் கொடுப்பவர் விவரத்தைச் சேர்த்து வைக்காதே! கடன் கம்பெனிக்கும் உரக் கம்பெனிக்கும் விற்காதே!

6. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல் சட்டம் போட்டாய். அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க அதில் வைத்திருக்கும் ஓட்டையை அடை!

7. மானியப் பணத்தில் கடை நிபந்தனை, கம்பெனி நிபந்தனை புகுத்தாதே!

8. கைரேகை மோசடியில் போன பணத்தை முதலில் திருப்பிக் கொடு, பிறகு விசாரணை நடத்து! ரேகை தேய்ந்தவர்களுக்குக் கையெழுத்தும் சாட்சியும் போதும் என்று ஆணையிடு!

விவசாயப் பெருமக்களே!

பணம் கொடுக்கிற முறை மாறலாம். நெல்லைக் கொடுத்து உப்பு வாங்கினோம், காசு வந்தது, தாள் வந்தது, இன்றைக்குக் கட்டம் போட்ட அட்டை வந்திருக்கிறது. எது வந்தாலும் உழைத்தவன் தலை நிமிர்ந்து கொடுக்கவும் வாங்கவும் முடிய வேண்டும். நம் வீட்டு அடுப்பு எரிகிறதா இல்லையா என்று எவனோ ஒருவன் திரையில் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

அளக்கிறவன் மூடின தராசை வைத்திருந்தபோது நம் பாட்டனார்கள் களத்தில் மறியல் செய்தார்கள். மரக்காலைத் திருத்தினார்கள். இன்றைக்குத் தராசு கணினிக்குள் போயிருக்கிறது. மறியல் செய்கிற நாமும் அங்கே போக வேண்டும்.

வட்டாட்சியர் அலுவலகம் முன் நடக்கும் ஆர்ப்பாட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். வங்கிப் புத்தகத்தைக் கையில் எடுத்து வாருங்கள். பணம் பறிபோனவர்கள் புகார் நகலையும் எடுத்து வாருங்கள், ஒன்றாகச் சேர்த்துக் கொடுப்போம். அப்பாயிகளைக் கூட்டி வாருங்கள். உண்டியல் வரும், முடிந்ததைப் போடுங்கள். யார் போட்டது என்று கேட்க மாட்டோம். எவ்வளவு வந்தது என்று சொல்லாமல் போக மாட்டோம்.

தராசைத் திற! கணக்கைக் காட்டு!
உழைப்பவன் அந்தரங்கம் உழைப்பவனுக்கே!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!